டெக்ஸஸ் ஹோல்டெம் போக்கர்: ரம்மியும் மூணு சீட்டும் ஆடியவர்கள் கேட்கும் கேள்விகள்

ரம்மியோ மூணு சீட்டோ ஆடிப் பழகியவர்கள் போக்கர் கற்றுக்கொள்ள உட்கார்ந்தால் சுற்றிச் சுற்றி ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்பார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை. உதாரணங்களில் வருவதெல்லாம் புள்ளிக் கணக்கு, பணம் இல்லை. கேரம் காயினோ புளியங்கொட்டையோ வைத்து வீட்டில் பழகப்போகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

போக்கரில் பல வகை இருக்கிறதாமே, எதில் தொடங்குவது?

டெக்ஸஸ் ஹோல்டெமில். ஐந்து சீட்டு வாங்கி மாற்றிக்கொள்ளும் பழைய வகை, ஏழு சீட்டு ஸ்டட், நான்கு சீட்டைக் கையில் பிடிக்கும் ஒமாஹா எல்லாம் உண்டு. ஆனால் ஹோல்டெம் தெரிந்துவிட்டால் மற்றவற்றைப் பிடிப்பது எளிது. டெக்ஸஸ் மாநிலத்தின் ராப்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்த ஆட்டம் என்று அந்த மாநிலச் சட்டமன்றமே அங்கீகரித்திருக்கிறது. 1967ல் லாஸ் வேகாஸுக்குப் போனது. அங்கே 1970ல் தொடங்கிய ‘வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர்’ தொடரின் பிரதானப் போட்டி இன்றும் ஹோல்டெம்தான்.

எனக்கு ரம்மியும் மூணு சீட்டும் நன்றாகத் தெரியும். அது கைகொடுக்குமா?

பாதி கொடுக்கும், பாதி இடிக்கும்.

ரம்மியில் மோசமான சீட்டு வந்தால் முதலிலேயே ஸ்கூட் விட்டு 20 புள்ளியோடு தப்பிப்பீர்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவாருங்கள். போக்கரில் முக்கால்வாசி திறமை அதில்தான் இருக்கிறது. இங்கே அதற்கு ஃபோல்டு என்று பெயர். ஆனால் ரம்மியில் சீட்டை எடுத்துப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஹோல்டெமில் வந்த இரண்டு சீட்டுதான் கடைசிவரை.

மூணு சீட்டு ஆடியவர்களுக்குக் காசு ஏற்றுவதும் பயமுறுத்துவதும் புதிதில்லை. அவர்கள் மறக்கவேண்டியது இரண்டு. ஒன்று, மூணு சீட்டில் சீட்டைப் பார்க்காமல் கட்டுவதுதான் பிளைண்ட். போக்கரில் பிளைண்ட் என்பது சீட்டு போடுவதற்கு முன் இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் தொகை. அதை வைத்தவர்களும் தங்கள் சீட்டைப் பார்த்துத்தான் ஆடுவார்கள். மற்றொன்று சீட்டு வரிசை. அதில்தான் நம்மவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள்.

எந்தக் கை பெரியது?

எப்போதும் ஐந்து சீட்டுதான் கணக்கு. பெரியதிலிருந்து சிறியதற்கு வருவோம்.

ஒரே ஜாதியில் வரிசையாக ஐந்து வந்தால் ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ். அதிலேயே பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் வந்தால் ராயல் ஃபிளஷ், அதற்கு மேல் எதுவும் இல்லை. அடுத்து ஒரே எண் நான்கு. அடுத்து ஃபுல் ஹவுஸ், அதாவது மூன்று ஒரு எண், இரண்டு இன்னொரு எண். அடுத்து ஐந்தும் ஒரே ஜாதியாக இருக்கும் ஃபிளஷ். அடுத்து ஜாதி கலந்த வரிசை, அதாவது ஸ்ட்ரெய்ட். பிறகு ஒரே எண் மூன்று, இரண்டு ஜோடி, ஒரு ஜோடி. எதுவுமே சேராவிட்டால் கையில் இருப்பதில் பெரிய சீட்டு.

ஏஸை வரிசையின் மேல் முனையிலும் வைக்கலாம், கீழ் முனையிலும் வைக்கலாம். ஏஸ், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து செல்லும், ஆனால் அதுதான் இருக்கும் வரிசைகளிலேயே சிறியது. ராணி, ராஜா, ஏஸ், இரண்டு, மூன்று என்று சுற்றிக்கொண்டு போக முடியாது. ஜாதிகளுக்குள் உயர்வு தாழ்வும் கிடையாது. ஸ்பேடும் கிளாவரும் ஒன்றுதான்.

மூணு சீட்டில் ரன் வந்தால் கலரை அடித்துவிடுமே, இங்கே ஏன் தலைகீழ்?

அருமையான கேள்வி, பதிலும் எளிய எண்ணிக்கைதான். 52 சீட்டிலிருந்து மூன்றை எடுத்தால் மொத்தம் 22,100 விதமான கைகள் வரும். அவற்றில் கலர் (மூன்றும் ஒரே ஜாதி) 1,096, ஜாதி கலந்த ரன் (வரிசை) 720. ரன் அரிது, அதனால் பெரியது. ஐந்து சீட்டு எடுத்தால் மொத்தக் கைகள் 25,98,960. அவற்றில் ஃபிளஷ் 5,108, ஸ்ட்ரெய்ட் 10,200. இங்கே கலர் அரிதாகிவிட்டது, அதனால் மேலே ஏறிவிட்டது.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் வரிசையை மனப்பாடம் செய்யவே வேண்டாம். எது குறைவாக வருமோ அது பெரியது. ஃபுல் ஹவுஸ் 3,744, நான்கு ஒரே எண் 624, ராயலையும் சேர்த்து ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் வெறும் 40.

ஒரு ஆட்டம் எப்படி நடக்கிறது?

ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் முன்னால் பட்டன் என்ற வில்லை இருக்கும். அவர்தான் அந்த ஆட்டத்துக்கு டீலர். ஆட்டம் கடிகார முள் திசையில் போகும். 28, 304 போன்ற சீட்டாட்டங்கள் ஆடிப் பழகியவர்களுக்குக் கை எதிர்ப்பக்கம் போகும், கவனம். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் பட்டன் இடப்பக்கம் ஓர் ஆள் நகரும்.

பட்டனுக்கு இடப்பக்கம் இருப்பவர் ஸ்மால் பிளைண்ட் வைப்பார், அவருக்கு அடுத்தவர் அதைப்போல் இரண்டு மடங்கு பிக் பிளைண்ட் வைப்பார். உதாரணமாக 5ம் 10ம். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடப்படும். பிக் பிளைண்டுக்கு அடுத்தவர் முதலில் பேசவேண்டும். அவருக்கு மூன்று வழி உண்டு: சீட்டை விட்டுவிடலாம், 10 கட்டி ஈடுகொடுக்கலாம், ஏற்றலாம். ஈடுகொடுப்பது கால், ஏற்றுவது ரெய்ஸ். எல்லோரும் விடுவார்கள் அல்லது சமமாகக் கட்டியிருப்பார்கள், அதோடு அந்தச் சுற்று முடியும்.

பிறகு நடுவில் மூன்று சீட்டைத் திறந்து வைப்பார்கள். அதுதான் ஃபிளாப். மறுபடி ஒரு சுற்றுக் கட்டல், இந்தத் தடவை பட்டனுக்கு இடப்பக்கம் இருப்பவரிலிருந்து. யாரும் கட்டாதவரை காசு வைக்காமல் செக் சொல்லி நகரலாம். நான்காவது சீட்டு டர்ன், ஒரு சுற்று. ஐந்தாவது சீட்டு ரிவர், கடைசிச் சுற்று. ஒவ்வொன்றையும் திறப்பதற்கு முன் கட்டின் மேல் சீட்டு ஒன்றைக் கவிழ்த்தபடியே ஒதுக்கிவிடுவார்கள். அதன் முதுகில் கறையோ மடிப்போ இருந்து யாராவது அடையாளம் கண்டிருந்தால் பயன்படாமல் போகட்டும் என்பதற்காக.

கடைசியில் இரண்டு பேராவது மிஞ்சியிருந்தால் சீட்டைக் காட்டவேண்டும். கையில் இரண்டு, நடுவில் ஐந்து, ஆக ஏழில் சிறந்த ஐந்து. கைச்சீட்டு இரண்டையும் சேர்க்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒன்றைச் சேர்க்கலாம், எதையும் சேர்க்காமலும் இருக்கலாம். நடுவிலேயே மற்ற எல்லோரும் விட்டுவிட்டால் மிஞ்சியவர் சீட்டைக் காட்டாமலேயே பாட்டை, அதாவது நடுவில் குவிந்ததை, எடுத்துக்கொள்வார்.

இரண்டு பேருக்கும் ஒரே ஜோடி வந்தால்?

மிச்சச் சீட்டு பேசும். அதற்குக் கிக்கர் என்று பெயர். நடுவில் ஏஸ், ஜாக்கி, ஒன்பது, ஐந்து, இரண்டு. உங்கள் கையில் ஏஸும் ஏழும், எதிராளியிடம் ஏஸும் ராணியும். இருவருக்கும் ஏஸ் ஜோடி, ஆனால் அவருடைய ராணி உங்களை அடித்துவிடும். ஏஸைப் பார்த்ததும் கூடவே வரும் சின்னச் சீட்டைக் கவனிக்காமல் கட்டிக்கொண்டே போகிறவர்கள் தோற்பது இப்படித்தான்.

ஐந்து சீட்டும் சமமானால் பாட்டைப் பங்கிடுவார்கள். நடுவில் ஏஸ், ராஜா, ராஜா, ராணி, எட்டு இருந்தால், ஏஸ்-ஜாக்கி வைத்திருப்பவரும் ஏஸ்-ஏழு வைத்திருப்பவரும் சமம். இருவருக்குமே ஐந்தாவது சீட்டு நடுவில் கிடக்கும் ராணிதான்.

எந்தச் சீட்டை வைத்து ஆடலாம், எதை விடலாம்?

புதியவர்கள் ஆறில் நான்கு, ஐந்து ஆட்டங்களிலாவது ஃபிளாப்பைப் பார்க்காமலேயே விடவேண்டும். கேட்பவர்கள் முகம் வாடுவது எனக்குத் தெரியும். ஆட வந்துவிட்டு விட்டுக்கொண்டே இருப்பதா என்று தோன்றும். ஆனால் கணக்கு அப்படி. ஜோடியில்லாத இரண்டு சீட்டோடு போனால் ஃபிளாப்பில் ஒரு ஜோடியாவது சேர்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவைதான்.

பத்துக்கு மேற்பட்ட ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி இவற்றை எந்த இடத்திலிருந்தும் ஏற்றி ஆடலாம். சின்ன ஜோடிகளில் மூன்றாவது சேர்வது ஃபிளாப்பில் எட்டில் ஒரு தடவைக்கும் சற்றுக் குறைவு. மலிவாகப் பார்க்க முடிந்தால் பாருங்கள், சேராவிட்டால் விட்டுவிடுங்கள். ஒன்பது-பத்து போல ஒரே ஜாதியில் அடுத்தடுத்து இருப்பவை கடைசியாகப் பேசும் இடத்தில் நல்லவை. ஜாதி வேறான ஏழு-இரண்டை எல்லோரும் மிக மோசமான கை என்பார்கள்.

இரண்டு ஏஸ் வருவது 221ல் ஒரு தடவை. ஒரே எதிராளி என்றால், அவரிடம் எது இருந்தாலும் சராசரியாக 85 சதவீதம் ஜெயிப்பீர்கள். ஐந்து பேர் கடைசிவரை கூட வந்தால் அது பாதிக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். நல்ல சீட்டு வந்தால் ஒளித்துக்கொண்டு சும்மா கால் செய்யாமல் ஏற்றச் சொல்வது இதனால்தான், கூட்டம் குறையவேண்டும்.

உட்காரும் இடத்தில் அப்படி என்ன இருக்கிறது?

நிறைய. பட்டனில் இருப்பவர் ஃபிளாப்புக்குப் பின் எல்லோரும் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுகிறார். முதலில் பேசுபவருக்கு அந்தத் தகவல் கிடையாது. ராஜா-பத்து பட்டனில் ஆடக்கூடிய சீட்டு, முதல் இடத்தில் பெரும்பாலும் விடவேண்டிய சீட்டு.

கட்டுவதா விடுவதா என்று எப்படி முடிவு செய்வது?

ஓர் ஆட்டத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். ஆளுக்கு 200 புள்ளி, பிளைண்ட் 5ம் 10ம். நீங்கள் பட்டன். கையில் ஆர்ட்டின் ஏஸ், ஆர்ட்டின் பத்து. முன்னால் மூன்று பேரும் விட்டுவிட்டார்கள். நீங்கள் 30க்கு ஏற்றுகிறீர்கள். ஸ்மால் பிளைண்ட் விடுகிறார், பிக் பிளைண்ட் ஈடுகொடுக்கிறார். பாட் 65.

ஃபிளாப்: ஆர்ட்டின் ராஜா, கிளாவர் ஏழு, ஆர்ட்டின் மூன்று. உங்களுக்கு இப்போது ஆர்ட்டின் நான்கு, இன்னும் ஒன்று வந்தால் யாராலும் அடிக்க முடியாத அளவுக்குப் பெரிய கலர். எதிராளி 35 கட்டுகிறார். பாட் 100 ஆகிவிட்டது, நீங்கள் போடவேண்டியது 35. போட்டால் மொத்தம் 135, அதில் உங்கள் பங்கு 26 சதவீதம். அதாவது நூற்றுக்கு 26 தடவையாவது ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தால் கட்டுவது லாபம்.

உங்கள் வாய்ப்பு எவ்வளவு? கட்டில் ஆர்ட்டின் இன்னும் 9. அவரிடம் ராஜா ஜோடி என்று வைத்துக்கொண்டால் மூன்று ஏஸும் உங்களைக் காப்பாற்றும், ஆக 12 சீட்டு. விரைவாகக் கணக்கிட ஒரு வழி: ஒரே ஒரு சீட்டு வரவேண்டியிருந்தால் உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்குங்கள், இரண்டு சீட்டையும் நிச்சயம் பார்க்கப்போகிறீர்கள் என்றால் நான்கால். இங்கே அடுத்த சீட்டுக்கு ஏறக்குறைய 25. தேவைக்குக் கிட்டத்தட்ட சமம். கலர் விழுந்தால் பிறகும் அவரிடமிருந்து காசு வரும் என்பதால் கட்டுகிறீர்கள். பாட் 135.

டர்ன்: ஸ்பேட் நான்கு. ஒன்றும் சேரவில்லை. எதிராளி 100 கட்டுகிறார். இப்போது பாட் 235, போடவேண்டியது 100, மொத்தம் 335. தேவை 30 சதவீதம். உங்களிடம் இருப்பதோ 12 சீட்டு, 26 சதவீதம்தான். ஏஸ் வந்தும் தோற்கும் நிலை இருந்தால், உதாரணமாக அவரிடம் மூன்று ஏழு இருந்தால், அதுவும் இல்லை. அவர் கையில் மிச்சம் 35 மட்டுமே, எனவே பிறகு ஜெயித்துக்கொள்ளலாம் என்றும் சொல்ல முடியாது. விட்டுவிடுங்கள்.

அடுத்த சீட்டு ஆர்ட்டின் என்று யாராவது திறந்து காட்டினாலும் விட்டது சரியான முடிவுதான். நூறு தடவை இதே இடத்தில் கட்டினால் நூறின் முடிவில் உங்கள் குவியல் குறைந்துதான் இருக்கும். போக்கரில் ஒருவர் தேறுகிறாரா என்பதை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் எடைபோடுவேன்: விட்ட பிறகு விழுந்த சீட்டைப் பார்த்து மனம் கலங்காமல் அடுத்த ஆட்டத்துக்குப் போகிறாரா?

பிளஃப் செய்யாமல் போக்கர் ஆட முடியுமா?

பிளஃப் என்றால் கையில் நல்ல சீட்டு இல்லாமலேயே கட்டிப் பயமுறுத்துவது. அது இல்லாமல் முடியாது, ஆனால் தொடக்கத்தில் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவாகப் போதும். இதற்கும் கணக்கு உண்டு. பாட்டில் 100 இருக்கும்போது வெறுங்கையோடு 50 கட்டினால், மூன்றில் ஒரு தடவை அவர் விட்டாலே போட்டது திரும்பிவிடும். 100 கட்டினால் இரண்டில் ஒரு தடவை விடவேண்டும்.

விடவே விடாத ஆளிடம் பிளஃப் பலிக்காது. எல்லா மேஜையிலும் அப்படி ஒரு மாமா இருப்பார், கையில் சின்ன ஜோடி இருந்தாலும் “என்னதான் வெச்சிருக்கே, பாத்துடலாம்” என்று கட்டிவிடுவார். அவரிடம் நல்ல சீட்டு வந்தால் மட்டும் ஏற்றுங்கள். பிளஃப் செய்யும்போது ஆரம்பத்திலிருந்து நீங்கள் கட்டிய விதம் ஒரே கையைச் சொல்லவேண்டும். இரண்டு சுற்று செக் சொல்லிவிட்டு ரிவரில் திடீரென்று மலை போலக் குவித்தால் யாரும் நம்பமாட்டார்கள். மேலே பார்த்த ஃபிளாப்பில் போல, கலருக்கு ஒரு சீட்டு பாக்கி இருக்கும்போது ஏற்றுவது பாதி பிளஃப். அவர் விட்டாலும் லாபம், விடாவிட்டாலும் கை சேர வழி இருக்கிறது. பழகத் தொடங்குபவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது அந்த வகையைத்தான்.

முகத்தைப் பார்த்துச் சீட்டைச் சொல்லிவிடலாமாமே?

சினிமாவில் சொல்லலாம். நேரில் அவர் எவ்வளவு கட்டினார், எந்த இடத்திலிருந்து கட்டினார், முன்பு இதே மாதிரி கட்டியபோது எதைக் காட்டினார் என்று கவனிப்பது பல மடங்கு பயன் தரும். விட்ட பிறகு ஃபோனை எடுத்துவிடாமல் மற்றவர்கள் ஆடுவதைப் பாருங்கள்.

கையில் இருப்பது போதவில்லை என்றால் வெளியே போகவேண்டுமா?

வேண்டாம். இருப்பதை எல்லாம் வைத்து ஆல்-இன் சொல்லலாம். ஆனால் எவ்வளவு வைத்தாரோ, மற்றவர்களிடமிருந்து ஆளுக்கு அவ்வளவுதான் ஜெயிக்க முடியும். ஒருவரிடம் 50, மற்ற இருவரிடம் 200 என்று வையுங்கள். மூவரும் எல்லாவற்றையும் வைத்தால், முதல் பாட் 150, மூவருக்கும் உரியது. மிச்சம் 300 தனிப் பாட், அதில் பெரிய இருவர் மட்டும் போட்டி. எத்தனை பேர் ஆல்-இன் ஆனாலும் சிறிய தொகையிலிருந்து தொடங்கிப் பிரியுங்கள், சண்டை வராது.

மேஜையில் என்ன ஒழுங்கு பார்க்கவேண்டும்?

உங்கள் முறை வரும்வரை பேசாதீர்கள், சீட்டை விடவும் விடாதீர்கள். பின்னால் இருப்பவர் விடப்போகிறார் என்று முன்னால் இருப்பவருக்குத் தெரிந்தால் ஆட்டமே மாறிவிடும். “கால்...” என்று சொல்லி எதிராளி முகத்தைப் பார்த்துவிட்டு “...பண்ணி இன்னும் 50” என்று இழுப்பது கூடாது, முதலில் சொன்னதே செல்லும். ஏற்றுவதாக இருந்தால் தொகையை ஒரே மூச்சில் சொல்லுங்கள். விட்ட சீட்டைப் பக்கத்து ஆளுக்குக் காட்டாதீர்கள். ஆட்டத்தில் இல்லாதவர் ஆலோசனை சொல்லவே கூடாது.

கடைசியில் இது அதிர்ஷ்டமா, திறமையா?

ஓர் ஆட்டத்தில் அதிர்ஷ்டம், ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் திறமை. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் மனிதர்களை ஏமாற்றுகிறது. 2003ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற டென்னஸியைச் சேர்ந்த கணக்காளர் இணையத்தில் 86 டாலர் தகுதிப் போட்டி ஒன்றை ஜெயித்து, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட உலகத் தொடரின் பிரதானப் போட்டிக்குப் போனார். 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வென்றார். அடுத்த ஆண்டு அந்தப் போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள். வந்த எல்லோருக்கும் அவர் கதை தெரியும். அவரைப் போலவே 86 டாலர் கட்டித் தோற்றவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

ஆன்லைனில் பணம் கட்டி ஆடலாமா?

கூடாது. இந்தியாவில் இப்போது சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தமிழ்நாடு 2022ல் கொண்டுவந்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலிட்டிருந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை மட்டும் ரத்து செய்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்தியைப் படித்த ஊர் நம் ஊர். கற்றுக்கொள்ளும் நேரத்தில் பணம் தேவையே இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எப்படிப் பழகுவது?

நான்கு பேர் போதும். முதல் நாள் கட்டலே வேண்டாம். ஆளுக்கு இரண்டு சீட்டைத் திறந்தே போட்டு, நடுவில் ஐந்தையும் திறந்து, யார் ஜெயித்தது என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். இருபது, முப்பது தடவை செய்தால் வரிசை கண்ணில் பதிந்துவிடும். அடுத்து ஆளுக்கு 100 புளியங்கொட்டை, பிளைண்ட் 1ம் 2ம். எல்லாம் தீர்ந்தவருக்கு மறுபடி கொடுக்காதீர்கள், அந்த ஆட்டம் முடியும்வரை அவர் பார்க்கட்டும். இழப்பதற்கு ஏதாவது இருந்தால்தான் ஃபோல்டு செய்யக் கை பழகும். அரைமணிக்கு ஒருமுறை பிளைண்டை இரட்டிப்பாக்கினால் இரவுச் சாப்பாட்டுக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.